முஸாபிரின் பங்கு: 'நோமட்லாண்ட்' திரைப்படத்தை முன்வைத்து

கடந்த ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறையில் ஆசிரியர்கள் சிலர் கூடியிருந்து 'நோமட்லாண்ட்' பார்த்தோம். சீனாவில் பிறந்த குளோயி ஜாவோ நெறிப்படுத்திய படம். 2020இல் வெனிஸ் விழாவின் தங்கச் சிங்கத்தையும், 2021இல் சிறந்த படம், சிறந்த நெறியாளர், சிறந்த நடிகை ஆகியவற்றுக்கான ஒஸ்கார் விருதுகளையும் பெற்றது. படம் முடிந்ததும் சற்று நேரம் யாரும் எதுவும் பேசவில்லை. பின்னர் எங்களுள் மூத்தவரான, ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் சொன்னார்: "அவவுக்காவது ஒரு வேன் இரிக்கி தம்பி. நம்மளுக்கு அதுவும் இல்ல."

எல்லோரும் சிரித்தோம், அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் என்னை இக்குறிப்பை எழுதத் தூண்டியது.

முதலில் கதை. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் எம்பயர் என்றோர் ஊர். ஜிப்சம் தொழிற்சாலையை நம்பி உண்டான ஊர். 2011இல் தொழிற்சாலை மூடப்பட்டதும் ஊரும் காலியாகிறது. அதன் தபால் குறியீடுகூட நீக்கப்படுகிறது. கணவனையும் இழந்த ஃபேர்ன் (பிரான்ஸிஸ் மக்டோமன்ட்) ஒரு வேனைத் தன் வசிப்பிடமாக்கிக்கொண்டு வேலை தேடிப் புறப்படுகிறாள். நத்தார் காலத்தில் அமேசன் களஞ்சியத்தில் பொதி கட்டுகிறாள், கோடையில் முகாம் மைதானத்தில் மலசலகூடம் கழுவுகிறாள், பின்னர் பீற்றூட் இனக் கிழங்கு அறுவடைக்குப் போகிறாள். வழியில் சந்திக்கும் முதியவர்களிற் பலர் நடிகர்களல்லர். லிண்டா மே, சுவாங்கி, பொப் வெல்ஸ் ஆகியோர் உண்மையிலேயே வாகனங்களில் வாழ்ந்தவர்கள். தம் சொந்தப் பெயரிலேயே வருகிறார்கள்.

படத்துக்கு ஆதாரமானது ஜெசிக்கா புரூடர் என்ற பத்திரிகையாளர் 2017இல் வெளியிட்ட அதே பெயருடைய நூல். நூலையும் படத்தையும் அருகருகே வைக்கும்போதுதான் பிரச்சினை துலங்குகிறது. புரூடர் எழுதியது ஒரு கணக்கு. 2008ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியில் வீட்டையும் சேமிப்பையும் இழந்தவர்கள், ஓய்வூதியத்தைக் கொண்டு வாடகை கட்ட இயலாதவர்கள், அறுபது எழுபது வயதில் பருவகாலக் கூலிகளாகிச் சக்கரத்தின் மீது ஏறுகிறார்கள். களஞ்சியத்தில் நாள் முழுவதும் நடந்து கால் வீங்கிய அந்தத் தொழிலாளர்களுக்காகச் சுவரில் வலி மாத்திரைகள் இலவசமாக வைக்கப்பட்டிருந்ததையும் அவர் பதிவுசெய்கிறார். ஜாவோ அமேசனின் உண்மையான களஞ்சியத்துக்குள்ளேயே படமெடுத்தார். ஆனால் அங்கே நாம் காண்பது உணவு வேளையின் கலகலப்பு, பச்சை குத்திய கையைக் காட்டும் ஒரு பெண், சம்பளம் நல்லது என்ற ஒரு வார்த்தை. மாத்திரையைக் காணோம்.

படம் முற்றாக மௌனம் சாதிக்கிறது என்று சொன்னால் அது நியாயமாகாது. பன்னிரண்டு வயதிலிருந்து உழைத்து இரு பெண் பிள்ளைகளை வளர்த்த லிண்டா மே, தனக்குச் சேரவேண்டிய ஓய்வுக்காலக் கொடுப்பனவைத் தேடிப் பார்த்தபோது மாதம் 550 டொலர் என்றிருந்ததைச் சொல்கிறாள். படத்தின் மிகக் கனமான நிமிடம் அதுவென்பேன். பொப் வெல்ஸும் வேலை வாங்கப்பட்ட குதிரையைப் பற்றிப் பேசுகிறார். ஆனால் இவை வந்து போகின்றன. கமெரா உடனே அந்தி வானத்துக்கும் பாறைகளுக்கும் ஃபேர்னின் முகத்துக்கும் திரும்பிவிடுகிறது. கணவனை மறக்கமுடியாத துக்கமே அவளைச் செலுத்துகிறது என்று நாம் நம்பவைக்கப்படுகிறோம். தங்கையின் வீட்டில் இடம் கிடைக்கிறது, மறுக்கிறாள். டேவ் தன் மகனின் வீட்டில் தங்கும்படி கேட்கிறான், அங்கும் கட்டிலில் உறக்கம் வராமல் வேனுக்குப் போய்விடுகிறாள். ஆக, வாடகையின் பிரச்சினை மனத்தின் பிரச்சினையாகிறது. கதியற்றவள் தெரிவு செய்தவளாகிறாள். சுவாங்கி புற்றுநோயில் இறப்பதும் இவ்வகையானதே. உண்மையான சுவாங்கி படம் வெளியான பின்னரும் உயிரோடிருந்தார். ஏனையோர் தம் வாழ்க்கையைச் சொல்ல, அவருக்கு மாத்திரம் அழகான ஒரு மரணம் எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கிறது.

கடையொன்றில், முன்பு தான் பாடம் சொல்லிக்கொடுத்த மாணவியை ஃபேர்ன் சந்திக்கும் காட்சி ஓர் ஆசிரியன் என்ற வகையில் என்னைத் தொட்டது. நீங்கள் வீடில்லாதவரா என்று அச்சிறுமி கேட்க, கட்டடம்தான் தன்னிடம் இல்லை, வீடு உண்டு என்ற கருத்துப்பட அவள் பதிலளிக்கிறாள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் இரு சொற்கள் உள்ளன. எங்கள் கரையில் 'ஊடு' என்ற ஒரு சொல்தான். அது கல்லும் சீமெந்தும் வளவும் கிணறும், அதற்குள் இருக்கின்ற பெண்ணும் சேர்ந்தது. 2004 டிசெம்பர் 26க்குப் பின்னர் மருதமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் கூடாரங்களில் கிடந்தவர்களிடம் இந்த வேறுபாட்டைச் சொல்லியிருந்தால் என்ன பதில் வந்திருக்கும்? கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று அன்று அறிவித்தார்கள். நுரைச்சோலையில் சவூதி நிதியில் எழுந்த 500 வீடுகள் வழக்கில் சிக்கிப் பல ஆண்டுகள் பூட்டியே கிடந்தன. கட்டடம் இருந்தது, குடியில்லை. குடி இருந்தது, கட்டடமில்லை.

முஸ்லிம் வாசகனுக்கு இப்படம் இன்னொரு வழியாகவும் திறக்கும். பயணி நம் மார்க்கத்தில் மதிப்புக்குரியவன். உலகில் வழிப்போக்கனைப் போல வாழச் சொல்லும் நபிமொழி சிறுவர்க்கும் மனப்பாடம். அதை எடுத்துக்கொண்டு ஃபேர்னை ஒரு ஸூபியாக்கிவிடுவது எளிது. எங்கள் கூட்டத்திலும் ஒருவர் முயன்றார். எனக்கு அது உடன்பாடில்லை. சூறா தவ்பாவின் 60ஆவது வசனத்தில் ஸகாத் பெறத் தகுதியான எட்டு வகையினருள் கடைசியாக வருபவன் வழிப்போக்கன். ஊரில் செல்வந்தனாயிருந்தாலும் வழியில் கைவிடப்பட்டவனுக்குப் பங்குண்டு. அதாவது, முஸாபிர் நம்மிடம் கேட்டு வாங்க உரிமையுள்ளவன். மேலும், நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், போகுமிடம் இன்னதென்றில்லாமல் அலைபவனுக்குத் தொழுகையைச் சுருக்கும் சலுகை இல்லை. அலைச்சல் வேறு, பயணம் வேறு என்று பிக்ஹு பிரித்து வைத்திருக்கிறது. ஜாவோவின் அழகியல் இவ்விரண்டையும் ஒன்றாக்குகிறது. ஒன்றாக்கியதும் பங்கு கொடுக்கவேண்டியவர்கள் படத்திலிருந்து மறைந்துவிடுகிறார்கள். யார் மீதும் ஃபேர்னுக்குக் கடன் இல்லை, யாருக்கும் அவள் மீது பொறுப்பு இல்லை.

இடையில் ஒரு செய்தி. இந்த வாகனவாசிகள் குளிர்காலத்தில் கூடுகின்ற அரிசோனாவின் குவாட்சைட் என்ற பாலைவனச் சிற்றூரில் 'ஹை ஜொலி' என்றொருவரின் கபுறு இருக்கிறது. ஹாஜி அலி என்பதே அப்பெயரின் மூலம். 1856இல் அமெரிக்க இராணுவம் ஒட்டகங்களை இறக்குமதி செய்தபோது கூடவே கொண்டுவரப்பட்ட ஒட்டகக்காரர். அமெரிக்கர் வாயில் பெயர் அப்படித் திரிந்துபோயிற்று. 1902இல் அங்கே மௌத்தானார். 1935இல் கல்லாலான சிறு பிரமிட்டும் உச்சியில் ஓர் ஒட்டகமும் வைத்தார்கள். அவ்வூரில் இத்தனை நேரம் நின்ற கமெரா, அங்கேயே அடங்கிய இந்த முஸாபிரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இனி அதிபரின் சொல்லுக்கு வருகிறேன். எமது பிரதேசத்தில் வீடு பெண்ணுக்குரியது. மூத்த மகளுக்குக் கட்டிய வீட்டில் மாப்பிள்ளை வந்து குடியேற, தாய் தகப்பன் எஞ்சிய பிள்ளைகளோடு பக்கத்தில் சிறியதொன்றுக்குப் பெயர்கின்றனர்; அடுத்தவளுக்கும் அவ்வாறே. அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆய்வுசெய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, 2008இல் வெளிவந்த தமது நூலில் இவ்வழக்கத்தை விரிவாக எழுதியிருக்கிறார். அதிபர் தன் பணிக்கொடையை மூன்றாவது மகளின் கொங்கிறீற் தட்டில் கொட்டினார். இப்போது ஒரு மகளின் விறாந்தையில் சில மாதம், இன்னொருத்தியின் குசினியறையில் சில மாதம். பிள்ளைகள் நல்லவர்கள், சோற்றுக்குக் குறையில்லை. ஆனால் அவருடைய புத்தகங்கள் எந்த வீட்டில் இருக்கின்றன என்று அவருக்கே நிச்சயமில்லை. எனக்கும் இரு பெண் மக்கள். ஆகவே இதை வெளியாள் போல எழுத என்னால் இயலாது.

சீதனத்தைப் பற்றி நம்மவர் எழுதிய கதைகளை நிறையவே வாசித்திருக்கிறேன். அவை பெரும்பாலும் குமரின் கண்ணீரோடும் மாப்பிள்ளை வீட்டாரின் பேராசையோடும் முடிந்துவிடுகின்றன. கல்யாணத்துக்குப் பிந்திய இருபது ஆண்டுகள், வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டுப் பெட்டியோடு நடக்கும் வாப்பாவும் உம்மாவும் அவற்றுள் அருமையாகவே வருகிறார்கள். வந்தாலும் தியாகிகளாகவே வருகிறார்கள். ஜாவோ அலைச்சலைச் சுதந்திரமாக்கினார், நாம் தியாகமாக்கினோம். இரண்டிலும் கணக்கு எழுதப்படவில்லை.

படத்தின் முடிவில் ஃபேர்ன் எம்பயருக்குத் திரும்பி, தன் பழைய வெற்று வீட்டுக்குள் நடந்து, பின்வாசலால் வெளியேறி மறுபடியும் தெருவில் ஏறுகிறாள். மக்டோமன்டின் நடிப்பு அவ்விடத்தில் மிகச் சிறப்பானது என்பதை மறுக்கவில்லை. ஆனால் புரூடரின் நூல் வேறிடத்துக்குப் போகிறது. அங்கே லிண்டா மே டக்ளஸ் என்ற எல்லை நகருக்கு அருகே, பழைய டயர்களையும் மண்ணையும் கொண்டு தானே வீடு கட்டுவதற்காக ஐந்து ஏக்கர் நிலம் வாங்குகிறாள். படத்தைப் பார்ப்பவர்கள் அந்தப் பக்கங்களையும் தேடி வாசிக்கவேண்டும்.