உறைசிகிச்சையில் உணரிவழிக் கட்டுப்பாடு: ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

நோயுற்ற திசுவை உறையவைத்து அழிக்கும் சிகிச்சையில், உணரிகள் தரும் தரவுக்கேற்பக் குளிர்விப்பைத் திருத்திக்கொள்ளும் முறைகள் ‘தகவமைப்புக் கட்டுப்பாடு’ என்னும் பெயரால் சுட்டப்படுகின்றன. இம்முறைகளில் உணரி உண்மையில் எதை அளக்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. எப்போது நிறுத்த வேண்டும் என்பதை உணரிகள் நம்பகமாகக் கூறுகின்றன. உறைவிப்பு போதுமா என்பதை அவ்வாறு கூறுவதில்லை. இவ்வேறுபாடு குளிரின் இயல்பிலிருந்தே பிறக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: உறைசிகிச்சை, உணரி, பின்னூட்டம், தகவமைப்புக் கட்டுப்பாடு, மீள்தன்மை.

முன்னுரை

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆங்கில மருத்துவர் ஜேம்ஸ் ஆர்நாட், உப்பும் பனிக்கட்டியும் கலந்த கலவையைக் கொண்டு புற்றுக்கட்டிகளைக் குளிர்வித்தார். உடலின் உள்ளுறுப்புகளை அக்கலவையால் எட்ட இயலவில்லை. 1961இல் நியூயார்க் நரம்பு அறுவை மருத்துவர் இர்விங் கூப்பரும் அர்னால்டு லீயும் திரவ நைட்ரஜன் பாயும் மெல்லிய ஆய்கோலை அறிமுகப்படுத்தினர். திரவ நைட்ரஜனின் கொதிநிலை -196 °செ. எனினும், ஆய்கோல் முனையின் வெப்பநிலையை வேண்டிய அளவில் நிறுத்திவைக்க அக்கருவியால் இயன்றது. உறைசிகிச்சையில் கட்டுப்பாடு என்னும் சிந்தனை இங்கிருந்தே வலுப்பெறுகிறது.

கூப்பரின் செய்முறையும் அதன் உட்பொருளும்

பார்க்கின்சன் நோயாளிகளின் நடுக்கத்தைப் போக்கக் கூப்பர் தாலமஸ் பகுதியை உறையவைத்தார். நோயாளி விழித்திருக்க, முதலில் மிதமான குளிர்ச்சி மட்டும் செலுத்தப்பட்டது. நடுக்கம் நின்று, கைகால் வலிமையும் பேச்சும் குன்றாதிருந்தால், வெப்பநிலை மேலும் தாழ்த்தப்பட்டு அப்பகுதி நிலையாக அழிக்கப்பட்டது. வேண்டாத விளைவு தோன்றினால் குளிர்ச்சி நிறுத்தப்பட்டது. திசு பழைய நிலைக்குத் திரும்பியது.

இச்செய்முறையில் முனையின் வெப்பநிலையைக் கருவி காத்தது. செயலை வழிநடத்திய உணரியோ நோயாளியின் உடலே. மிதமான குளிர் செயலை நிறுத்தும், உயிரைப் போக்காது என்னும் மீள்தன்மையே இச்சோதனைக்கு அடிப்படை. பின்னாளைய முறைகளின் வலிமையும் வரம்பும் இவ்வொரு பண்பிலேயே அடங்கியுள்ளன.

வெப்பநிலையும் உயிரணு இறப்பும்

வெப்பநிலையை அளந்தால் திசுவின் இறப்பை அளந்ததாகும் என்னும் கருத்து பல கட்டுப்பாட்டு முறைகளில் மறைமுகமாக உள்ளது. உறைவு உயிரியல் இக்கருத்தை ஏற்பதில்லை. பீட்டர் மேசர் 1963 முதல் விளக்கியவாறு, மெதுவாகக் குளிரும் உயிரணு நீரை இழந்து உப்புச் செறிவால் கேடுறுகிறது; விரைந்து குளிரும் உயிரணுவினுள் பனிப்படிகம் உருவாகிறது. ஆகவே இறுதி வெப்பநிலையோடு குளிரும் வேகமும், உருகும் வேகமும், சுழற்சிகளின் எண்ணிக்கையும் விளைவைத் தீர்மானிக்கின்றன. உருகிய பின் நுண்குழல்களில் குருதியோட்டம் தடைப்படுவதால் நிகழும் இறப்பு, சிகிச்சை முடிந்து பல மணி நேரம் கழித்தே வெளிப்படுகிறது. அவ்விறப்பைச் சிகிச்சையின்போது எந்த உணரியாலும் அளக்க இயலாது.

ஆண்ட்ரூ கேஜ், ஜான் பாஸ்ட் ஆகியோர் 1998இல் வெளியிட்ட மீளாய்வு, புற்றுத் திசுவுக்கு -50 °செ என்னும் இலக்கைப் பரிந்துரைத்தது. நிறமி உயிரணுக்கள் இதைவிட மிகக் குறைந்த குளிரிலேயே இறந்துவிடுகின்றன. எனவே -50 °செ என்பது பாதுகாப்பான எல்லையாக வகுக்கப்பட்ட இலக்கு. எல்லா உயிரணுக்களும் இறக்கும் பொதுப் புள்ளி அன்று. புரோஸ்டேட் சிகிச்சையில் ஊசிவடிவ வெப்ப உணரி தான் செருகப்பட்ட புள்ளியின் வெப்பநிலையை மட்டுமே அறியும். பனிக்கோளத்தினுள் வெப்பநிலைச் சரிவு செங்குத்தானது. உணரி சில மில்லிமீட்டர் விலகினாலும் அளவீடு பல பாகை மாறும்.

மீயொலி காட்டுவதும் மறைப்பதும்

1980களில் கேரி ஓனிக், போரிஸ் ரூபின்ஸ்கி முதலியோர் பனிக்கோளத்தை மீயொலியால் கண்காணிக்கும் முறையை வளர்த்தனர். பனியின் அருகு விளிம்பு ஒலியை வலுவாக எதிரொலிக்கிறது. அதற்கு அப்பாலுள்ள பகுதி நிழலில் மறைகிறது. மலக்குடல் வழியாக நோக்கும் ஆய்கருவிக்கு, மலக்குடல் சுவரை நெருங்கும் பனி விளிம்பு தெளிவாகத் தெரியும். காக்கப்பட வேண்டிய உறுப்பு அவ்விளிம்பருகே இருப்பதால் அவ்வாறு தெரிவது பயனுடையது. சுரப்பியின் முன்பகுதியிலுள்ள புற்றுத்திசு போதிய அளவு உறைந்ததா என்பதோ நிழலுக்குள் மறைந்துள்ளது. மேலும் கண்ணுக்குத் தெரியும் பனி விளிம்பு ஏறத்தாழ 0 °செ கோடே ஆகும். கொல்லும் குளிர் அதற்கு உட்புறத்தில் உள்ளது. கட்டியின் எல்லைக்கு அப்பாலும் பனிக்கோளம் விரிய வேண்டும் என்னும் நெறி இவ்விடைவெளியை ஈடுசெய்யவே வகுக்கப்பட்டது.

இதய உறைசிகிச்சை: இரு குறிகள்

இதய மேலறை நடுக்கத்திற்கான உறைபலூன் சிகிச்சையில், நுரையீரல் சிரை வாயிலைச் சுற்றியுள்ள திசு உறையவைக்கப்படுகிறது. இங்கு இரு உடற்குறிகள் கவனிக்கப்படுகின்றன. ஒன்று, உதரவிதான நரம்பைத் தூண்டி உதரவிதானத்தின் அசைவை உணர்தல். அசைவு தளர்ந்தால் உறைவிப்பு உடனே நிறுத்தப்படுகிறது. மற்றொன்று, சிரையின் மின்குறி மறையும் நேரம். அதற்கேற்ப உறைவிப்புக் காலத்தை வகுக்கும் நெறிகள் உள்ளன. இலக்கே நோயாளிக்கு நோயாளி மாறுவதால், இரண்டாவதற்குத் ‘தகவமைப்பு’ என்னும் பெயர் பொருந்தும்.

2013இல் வெளியான ஸ்டாப் ஏஎஃப் ஆய்வில் 259 செய்முறைகளுள் 29இல் உதரவிதான நரம்பு வாதம் ஏற்பட்டது. அவற்றுள் 25, பன்னிரண்டு மாதங்களுக்குள் சரியாயின. நரம்பின் செயல் நிற்பதும் நரம்பு இறப்பதும் வேறுவேறு என்பதற்கு இத்தரவு சான்றாகும். இறப்புக்கு முன்பே செயல் தளர்வதால் மருத்துவருக்கு நிறுத்துவதற்குரிய அவகாசம் கிடைக்கிறது.

அதே பண்பு இரண்டாவது குறியின் பொருளை மங்கச் செய்கிறது. சிரையின் மின்குறி மறைந்ததற்குத் திசு இறந்தது காரணமாகலாம். குளிரால் தற்காலிகமாக மரத்தது காரணமாகலாம். மரத்த திசு மீளும்போது மின்தொடர்பும் மீளக்கூடும். ஆதலால் குறி மறைந்த பிறகும் உறைவிப்பு குறிப்பிட்ட காலம் தொடரப்படுகிறது. அக்கூடுதல் காலத்தை முடிவு செய்வது உணரி அன்று. முந்தைய சிகிச்சைகளின் பட்டறிவே.

முடிவுரை

குளிரின் மீள்தன்மை பாதுகாப்பை உணர்வதற்குத் துணையாகவும், போதுமையை உணர்வதற்குத் தடையாகவும் நிற்கிறது. வழிமுறை நிரல்களை நுட்பமாக்குவதால் மட்டும் இம்முரண் தீராது. அளக்கப்படும் குறியே மாற வேண்டும். ஆய்வேடுகள் நிறுத்த நெறியையும் போதுமை நெறியையும் தனித்தனியே வரையறுத்து, ஒவ்வொன்றுக்கும் அடிப்படையான அளவீட்டைக் குறிப்பிடுதல் வேண்டும்.

தமிழ்க் கலைச்சொல்லாக்கத்திலும் இவ்வேறுபாடு பேணப்படுதல் நன்று. அளவைப் பார்த்திருப்பது கண்காணிப்பு. நிலைத்த இலக்கை நோக்கித் திருத்துவது பின்னூட்டக் கட்டுப்பாடு. நோயாளியின் உடற்குறிக்கேற்ப இலக்கையே மாற்றுவது தகவமைப்புக் கட்டுப்பாடு. மூன்றையும் ஒரே சொல்லால் குறித்தால், மருத்துவரின் கணிப்புக்கு விடப்பட்ட இடம் கருவியின் திறனாகத் தோற்றமளிக்கும். அத்தோற்றத்தை நம்பி உறைவிப்பு முன்னதாக முடிக்கப்பட்டால், எஞ்சிய புற்றுத்திசுவின் விளைவைச் சுமப்பவர் நோயாளியே.