முகமில்லா நாயகன்

படவுலகில் நாயகனின் முகமே முதல்! முகத்தைக் காட்டிக் கூட்டம் சேர்ப்பர், கூட்டம் கும்பிடும், கருத்தோ மூலையில் கிடக்கும்.

2006-இல் திரைக்கு வந்த ‘வி ஃபார் வெண்டெட்டா’ என்னும் ஆங்கிலப்படம் இவ்வழக்கத்தை மாற்றிற்று. கொடுங்கோலாட்சியை எதிர்ப்பவனாக நடித்த ஹியூகோ வீவிங்கின் முகம் ஒருமுறையேனும் தெரியவில்லை. முகமூடிக்குள்ளிருந்து குரல் மட்டுமே பேசிற்று. பேச்சில் கருத்திருந்தது, முகம் தேவைப்படவில்லை.

குறையும் உண்டு. ஈவி என்னும் பெண்ணை ஏமாற்றிச் சிறையிலிட்டு வதைக்கிறான் நாயகன்; அச்சம் போக்கவாம்! முகம் மறைத்தவன் செய்யினும் கொடுமை கொடுமையே. படமோ அதனை எளிதில் மன்னித்துவிடுகிறது.

முடிவு அருமை. இலண்டன் மக்கள் அதே முகமூடியணிந்து திரள்கின்றனர். பின்னர் அதனைக் கழற்றுகின்றனர். நாயகன் முகம் மறைந்தது. மக்கள் முகம் தெரிந்தது!

வணங்க முகம் தேடாதீர், தோழர்களே! எண்ணிப் பார்க்கக் கருத்தைத் தேடுங்கள்!