வாத்தியாரும் முதலாளியும்: நாடகத்தை நடத்தியவர்கள்

கோடை பிறந்தால் கள்ளக்குறிச்சிப் பக்கத்து எலவனாசூர்கோட்டை வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் தொடங்கிவிடும். பகலில் பிரசங்கம், இரவு பத்து மணிக்கு மேல் விடியும்வரை கூத்து. இதே உளுந்தூர்பேட்டை வட்டத்துக் கூவாகத்தில் அரவானுக்காகச் சித்திரைப் பௌர்ணமிக்குக் கூடும் கூட்டத்தை நாடறியும். அரவான் களப்பலியைக் கூத்தாக ஆடிக் காட்டும் மண் இது. அர்ச்சுனன் வேடம் கட்டியவரை ஊர் நினைவில் வைத்திருக்கிறது. அந்தச் சமாவை, அதாவது கூத்துக் குழுவை, கட்டி மேய்த்த வாத்தியாரைப் பற்றி எழுத்தில் ஏறியது மிகக் குறைவு.

அவர் செய்யும் வேலையைப் பார்க்க வேண்டும். ஆண்டின் தொடக்கத்தில் முன்பணம் கொடுத்து ஆட்களை அமர்த்துவது அவர். யாருக்குக் கிரீடமும் புஜக்கட்டையும் அணியும் கட்டை வேடம், யாருக்குப் பெண் வேடம், யார் கட்டியக்காரன் என்று முடிவு செய்வதும் அவர்தான். அடவும் விருத்தமும் சொல்லிக் கொடுக்கிறார். மேடையில் பின்பாட்டுப் பாடுகிறார். முகவீணையும் மிருதங்கமும் எங்கே ஏற வேண்டும், எங்கே அடங்க வேண்டும் என்று கண்ணாலேயே சொல்கிறார். கல்யாண முருங்கையில் செதுக்கிய கிரீடமும் புஜக்கட்டையும் பெரும்பாலும் அவர் பொறுப்பில் இருக்கும். விடிந்ததும் ஊர்ப் பெரியவர்களிடம் கூலி வாங்கிப் பங்கு பிரிப்பதும் அவர்தான். நெறியாளர், இசையமைப்பாளர், ஆசிரியர், கணக்குப்பிள்ளை என நான்கு பேர் பார்க்க வேண்டிய வேலை ஒருவர் தலையில்.

ஜெர்மனியில் இந்தப் பொறுப்புக்கு ஒரு பதவியும் சம்பளமும் உண்டு. நகர நாடக அரங்குக்கோ ஆப்பரா அரங்குக்கோ தலைமை ஏற்பவரை ‘இன்டென்டன்ட்’ என்பார்கள். அரசும் நகராட்சியும் பணம் தரும். எதை மேடையேற்றுவது என்பதை அவர் தீர்மானிப்பார். கவிஞர் கதே 1791 முதல் 1817 வரை வைமார் அரசவை நாடக அரங்கை நிர்வகித்தார். கெட்ஸ் ஃபிரீட்ரிஷ் 1981 முதல் 2000இல் இறக்கும்வரை பெர்லின் ‘டாய்ச்ச ஓப்பர்’ அரங்கின் தலைவராக இருந்துகொண்டே இசையமைப்பாளர் வாக்னரின் ஆப்பராக்களையும் நெறியாண்டார். சிலர் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். 1949இல் தோன்றிய பெர்லினர் என்சாம்பிள் நாடகக் குழுவில் நாடகாசிரியர் பிரெக்ட் மேடையைக் கவனிக்க, அவர் மனைவி ஹெலெனா வைகல் நிர்வாகத்தைச் சுமந்தார். பிரெக்ட் மறைந்த பிறகும் 1971இல் தாம் இறக்கும்வரை அந்த அரங்கைக் காத்தவர் வைகல்தான்.

தமிழ் நாடகக் கம்பெனி முதலாளிகளுக்கு அரசுப் பணம் இல்லை. வசூல்தான் படியளந்தது. கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களே நடிக்கும் குழுவை நடத்தி, ரயிலேறிக் கூட்டம் வரும்படி செய்தார். கன்னையாவின் கம்பெனி காட்சி ஜோடனைக்குப் பேர் வாங்கியது. பம்மல் சம்பந்த முதலியார் வேறு வழியில் போனார். 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கி, படித்தவர்களும் வேடம் கட்டலாம் என்ற மரியாதையை நாடகத்துக்குப் பெற்றுத் தந்தார். ‘நாடக மேடை நினைவுகள்’ எழுதி வைத்ததால் அவருடைய உழைப்பு நமக்குத் தெரிகிறது.

சங்கரதாஸ் சுவாமிகளை இந்த வரிசையில் தனியாக நிறுத்த வேண்டும். 1867இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையையும், 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையையும் அமைத்தார். பையன்களுக்குப் பாடமும் பாட்டும் வசனமும் அவரே சொல்லிக் கொடுத்தார். 1922இல் புதுச்சேரியில் இறந்தார். அவர் நாடகங்களின் பாட்டுகள் இன்றைக்கும் தென்மாவட்டத் திருவிழா மேடைகளில் ஒலிக்கின்றன. பம்மலுக்குக் கிடைத்த வசதியில் ஒரு பங்குகூட இல்லாமல் இவ்வளவையும் செய்தவர் என்பதால், தமிழ் நாடக ஆசான்களில் முதலிடத்தை நான் அவருக்கே தருவேன்.

அவரிடம் பயின்ற டி.கே.எஸ். சகோதரர்கள் 1925இல் சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள். மூத்தவர் சங்கரன் நிர்வாகம் பார்த்தார், முத்துசாமி எழுதினார், சண்முகமும் பகவதியும் மேடையில் நின்றார்கள். பிரெக்ட்டும் வைகலும் செய்துகொண்ட பிரிவினையை அதற்கு முன்பே இந்தக் குடும்பம் செய்திருக்கிறது. ‘ஔவையார்’ நாடகத்தின் புகழ் சண்முகத்துக்குப் போனது. அண்ணன் சங்கரனை இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? நவாப் ராஜமாணிக்கமும் பெரிய நிர்வாகி. அவருடைய பாய்ஸ் கம்பெனியின் கட்டுப்பாட்டில் வளர்ந்து வந்தவர் எம்.என். நம்பியார்.

சினிமா வந்தது, கம்பெனிகள் கலைந்தன. 1977இல் எழுத்தாளர் ந. முத்துசாமி கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கியபோது நவீன நாடகம் மீண்டும் கூத்தைத் தேடிப் போனது. புரிசை கண்ணப்பத் தம்பிரான் என்ற கூத்தாசிரியரின் பெயர் தில்லிவரை எட்டியது. கள்ளக்குறிச்சிப் பக்கத்து வாத்தியார்களுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை.

எழுத்தில் பதிவான ஒருவரையும் சொல்ல வேண்டும். கதே அரங்கு நடத்திய அதே வைமாரிலிருந்து வந்தவர் ஃபிரிட்ஸ் பென்னவிட்ஸ் என்ற நெறியாளர். 1970இல் தில்லி தேசிய நாடகப் பள்ளியில் பிரெக்ட்டின் ‘மூன்று காசு ஆப்பரா’வை இந்தியில் மேடையேற்றினார். 1995இல் இறப்பதற்கு முன் பலமுறை இந்தியா வந்து, பல மொழி நடிகர்களோடு வேலை செய்தார். அவருடைய இந்திய அனுபவங்களும் கடிதங்களும் 2016இல் ஒரு நூலாகவே வந்துவிட்டன. அது நல்ல காரியம். அவர் அதற்குத் தகுதியானவர். ஆனால் ஒரு தலைமுறை முழுவதும் பாரதக் கூத்தை நடத்திய நம் வாத்தியார்களின் கையெழுத்துப் பாட்டு நோட்டுகள் டிரங்குப் பெட்டிகளில் செல்லரித்துக்கொண்டிருக்கின்றன.

கள்ளக்குறிச்சி 2019இல் தனி மாவட்டமாகிவிட்டது. இங்குள்ள கல்லூரித் தமிழ்த் துறைகள் மாணவர்களை ஊர் ஊராக அனுப்பி, மூத்த கூத்து வாத்தியார்களின் வாழ்க்கையையும், அவர்கள் சமா நடத்திய கணக்கையும், பாட்டு நோட்டுகளையும் பதிவு செய்ய வேண்டும். வாத்தியார் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள்: அந்த நோட்டுகளைப் பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.