லயத்து அறையும் வலைப்பூவும்

தெளிவத்தை ஜோசப்பின் 'மீன்கள்' சிறுகதையைப் படித்த ஒரு மாணவி அதைப் பற்றி யாருக்காக எழுத வேண்டும்? இலக்கிய மாணவரை வலைப்பூவின் மூலம் மதிப்பிடலாமா என்ற பிரச்சினையை இந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவதே பொருத்தம்.

பதுளை மாவட்டத்துத் தோட்டமொன்றில் பிறந்து, ஆசிரியராக இருந்த தோட்டத்தின் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டவர் ஜோசப் (1934-2022). ஒற்றை லயத்து அறையில் வளர்ந்த பிள்ளைகளோடு படுத்துறங்க நேரும் பெற்றோரின் சங்கடத்தைச் சொல்கிறது 'மீன்கள்'. பண்டாரவளையைச் சூழவுள்ள தோட்டங்களிலிருந்து பேராதனைக்கும் ஒலுவிலுக்கும் தமிழ் படிக்கச் செல்லும் பிள்ளைகள் பலருக்கு இது வீட்டில் கண்ட விடயம். ஆனால், பரீட்சை மண்டபத்தில் அவர்கள் எழுதுவது 'மண்வாசனை', 'சமூக யதார்த்தம்' என்னும் குறிப்புப் புத்தகச் சொற்களைத்தான். வாசித்தவளின் வாசிப்பு விடைத்தாளுக்கு வந்து சேர்வதில்லை.

இந்தக் குறையை வலைப்பூ ஓரளவு போக்கக்கூடும். வாரந்தோறும் ஒரு படைப்பைப் பற்றி எழுதுவது, சக மாணவர் மறுத்தால் மீண்டும் மூலத்தைப் புரட்டுவது, தவறென்று கண்டால் திருத்துவது என்பதே அதன் வழி. 2005இல் தொடங்கிய 'நூலகம்' மின்னூலகத்தில் ஈழத்து நூல்கள் பல கிடைப்பதால் மூலத்தைத் தேடுவதும் இலகு. தவணை முடிவில் விரிவுரையாளர் காண்பது ஒற்றை விடையை அல்ல. ஒரு மனம் நடந்து வந்த பாதையை. புள்ளி வழங்க வேண்டியது அந்தப் பாதைக்கே. பதிவுகளை எண்ணிப் புள்ளி போட்டால் பதர்தான் மிஞ்சும். இயந்திரமே கட்டுரை எழுதித் தரும் இக்காலத்தில், எழுதியதைப் பற்றி நேரில் கேட்டறிவதும் அவசியம்.

வசதியின்மை இன்னொரு தடை. 2021இல் லுணுகலைப் பகுதிப் பிள்ளைகள் இணையவழிப் பாடத்துக்காகக் காட்டுக்குள் மரக்குடில் ஏறினார்கள். சிக்னல் இல்லாத லயத்திலிருந்து வருபவருக்குக் கொப்பியில் எழுதித் தரவும் வழி இருக்க வேண்டும்.

இவற்றைவிடப் பெரிய கேள்வி ஒன்றுண்டு. 'மீன்கள்' கதையை அந்த மாணவி நேர்மையாக எழுதினால் தன் வீட்டையும் எழுதுவாள். அதை உலகமே பார்க்கும் இடத்தில் எழுது, இல்லையேல் புள்ளி இல்லை என்பது நியாயமா? அந்தரங்கம் இல்லாத வாழ்வைப் பற்றிய கதையைப் படிப்பித்துவிட்டு, படித்தவளின் அந்தரங்கத்தையும் பறிப்பதாகாதா? ஊரார் வாய்க்கு அஞ்சிப் பேனாவை மூடிவைத்த பெண்பிள்ளைகளை நமது சமூகமும் அறியும்.

ஆகவே மதிப்பீட்டுக்கான வலைப்பூ வகுப்புக்குள் மட்டும் திறக்கட்டும். அங்கேயும் புனைபெயருக்கு இடமிருக்கட்டும். அதன் உரியவரை விரிவுரையாளர் மட்டும் அறிந்தால் போதும். வெளியே வைப்பதா என்பதை எழுதியவரே தீர்மானிக்கட்டும். லயத்து அறைக்கு இல்லாத கதவு ஒன்று, அவளது எழுத்துக்கேனும் இருக்க வேண்டும்.