கல்வியால் நாடளத்தல்: திம்புள்ளப் பகுதியை முன்னிட்ட ஓர் ஆய்வு

ஒரு நாட்டின் பகுதிகளை ஆங்காங்கு வாழ்வோரின் கல்வி நிலைகொண்டு வரிசைப்படுத்தும் வழக்கம் குடிசன மதிப்பீட்டுடன் தோன்றி அதனோடு வளர்ந்ததாகும். இலங்கையில் எழுத்தறிந்தோர் தொகை 1881 ஆம் ஆண்டில் நூற்றுக்கு 17.4 எனவும், 1946 இல் 57.8 எனவும் கணக்கிடப்பட்டது. 2012 இல் பத்து வயதுக்கு மேற்பட்டோருள் அது 95.7 ஆயிற்று. இவ்வேற்றத்தைக் கண்டு மகிழ்வோர் அடுத்த கணமே எந்த மாவட்டம் முதலாவது, எந்த மாவட்டம் கடையாவது என வினவத் தொடங்குவர். அவ்வினாவுக்குரிய விடையில் நுவரெலியா மாவட்டம் நெடுங்காலமாகவே அடிவரிசையிற் காணப்படுகின்றது. அம்மாவட்டத்தின் தேயிலை வளத்துக்கு இருப்பிடமாகிய திம்புள்ளப் பகுதியை எடுத்துக்கொண்டு, இவ்வரிசை எதனை அளக்கின்றது, எதனை அளவாது விடுகின்றது என்பதை ஆராய்தல் தகும்.

முதற்கண் மாவட்டம் என்னும் அளவுகோலே ஐயத்துக்குரியது. தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனை, கொட்டகலை, அட்டன் முதலிய ஊர்களைச் சூழ்ந்த தோட்டங்களில் வாழ்வோரும், வலப்பனை, அங்குராங்கெத்தை முதலிய இடங்களில் வயலுழுது வாழும் சிங்களக் கிராம மக்களும், நுவரெலியா நகரத்து உத்தியோகத்தரும் வணிகரும் ஒரே மாவட்டத்தின் மக்களே. இவர்தம் பள்ளிக்கூட வரலாறோ ஒன்றனோடொன்று ஒவ்வாதது. மூன்றனையுங் கூட்டி வகுத்துப் பெறும் எண் மூவருள் எவரையும் குறிப்பதில்லை. மத்திய வங்கியின் 2003/04 ஆம் ஆண்டு ஆய்வு மாவட்டத்தை விடுத்து நகரம், கிராமம், தோட்டம் எனப் பிரித்து நோக்கியது. அப்போது நாடு முழுவதற்கும் எழுத்தறிவு நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டளவில் நிற்கத் தோட்டத்தில் அது எண்பத்தொன்றளவிலேயே நின்றது. தோட்டத்துள்ளும் ஆணும் பெண்ணும் ஒரு நிலையினர் அல்லர். அதிகாலைப் பிரட்டுக்குப் பெயர் கொடுத்துக் கொழுந்தெடுக்கச் செல்லும் தாய்க்குப் பதிலாக லயத்திலிருந்து தம்பி தங்கையரைக் காத்தவள் மூத்த மகளேயாவாள். அவள் இழந்த பள்ளி நாட்கள் சராசரிக்குள் மறைந்துபோகின்றன.

இனி, இத்தாழ்நிலைக்குக் காரணங் கூறப் புகுவோர் பலர் தோட்டத் தொழிலாளர் கல்வியில் நாட்டமற்றவர் என எளிதாக முடிவு கட்டுவதுண்டு. வரலாறு அம்முடிவுக்கு இடந்தருவதாயில்லை. 1869 இல் தோன்றிய இலைநோயாற் கோப்பி அழிந்த பின்னர்த் தேயிலை மலையை மூடிற்று. அதற்கென வந்தோரின் பிள்ளைகளுக்குக் கல்வி வழங்குதல் அரசாங்கத்தின் கடன் என்று நெடுங்காலம் எவருங் கருதினாரல்லர். 1907 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமே ஆறு முதற் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்குமாறும், அதற்கோர் இடம் ஒதுக்குமாறும் தோட்டத் துரைமாரைப் பணித்தது. பணிக்கப்பட்டவர் யாவர் என்பது நோக்கற்பாலது. பிள்ளையின் கல்விக்குப் பொறுப்பானவரும் அப்பிள்ளையின் உழைப்பால் நயம் பெறுபவரும் ஒருவரேயாயினர். 1927 ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் கூலி வரையறுத்ததோடு அமையாது பிள்ளைகளுக்கும் வரையறுத்தமை, பள்ளிக்குச் செல்லவேண்டியவர் மலையில் நின்றமைக்கு அச்சட்டமே அளிக்கும் சான்றாகும். தோட்டப் பள்ளிகளுட் பல ஓரறையும் ஓராசிரியருமாக ஐந்தாம் வகுப்போடு நின்றன. ஐந்தாம் வகுப்பைத் தாண்ட விரும்பிய பிள்ளை அட்டனையோ தலவாக்கலையையோ நாடல் வேண்டும். அதற்குரிய வழிச்செலவும் உடையும் நாட்கூலிக்காரனுக்கு எட்டாதவை.

1945 இல் இலவசக் கல்வி வந்தது. நாட்டுக் கிராமங்களில் மத்திய மகா வித்தியாலயங்கள் எழுந்து, ஏழை உழவன் மகன் பல்கலைக்கழகம் புகும் வழி திறந்தது. தோட்டப் பள்ளிகள் பழைய நிருவாகத்தின் கீழேயே கிடந்தன. 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகள் அரசுடைமையானபோதும் இவை தீண்டப்படவில்லை. தோட்டங்கள் 1972 இலும் 1975 இலும் அரசுடைமையான பின்னரே இவை ஒவ்வொன்றாக அரசாங்கத்தின் கைக்கு வந்தன. ஆகவே நாட்டின் ஏனைய பகுதிகள் முப்பதாண்டுகளாக நடந்த பாதையில் திம்புள்ள அப்போதுதான் அடியெடுத்து வைத்தது. ஓட்டத்திற் பின்தங்கியவன் என்று ஒருவனைக் கூறுமுன் அவன் எப்போது புறப்படவிடப்பட்டான் என வினவுதல் முறை.

எழுத்தறியாமையின் விலை இன்னதென்பதை இம்மக்கள் அறிந்தது வகுப்பறையில் அன்று. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கியது. அதன்பின் 1949 இல் இயற்றப்பட்ட இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டம், இடையறாது வதிந்தமையைப் பத்திரங்களால் நிறுவுவோர்க்கு மட்டும் உரிமை வழங்க முன்வந்தது. பிறப்புச் சான்றுகளும் பதிவேட்டுப் பிரதிகளும் இரண்டாண்டுத் தவணையுள் திரட்டப்படல் வேண்டும். கைநாட்டிடும் ஒருவன் தன் வாழ்நாளைக் கடிதங்களாற் காட்ட வேண்டியவனானான். ஏறக்குறைய எட்டு இலட்சம் பேர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. ஆறில் ஒரு பங்கினரளவிலேயே உரிமை பெற்றனர். ஏட்டறிவில்லாரிடத்தும் நாட்டார் பாடலும் கேள்வியறிவும் நிறைந்துள்ளமையால் எழுத்தறிவுக் கணக்கு பொருளற்றது என வாதிப்போரும் உளர். பாடல்களின் செழுமை மறுத்தற்கரியது. பூண்டுலோயா மடகொம்பரைத் தோட்டத்திற் பிறந்து, 1947 இல் தலவாக்கலைத் தொகுதியின் உறுப்பினராய்ப் பாராளுமன்றஞ் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை அவற்றை அரிதின் முயன்று தொகுத்தளித்தார். ஆயினும் விண்ணப்பப் படிவத்தின் முன் அப்பாடல்கள் துணைசெய்யவில்லை. கோ. நடேசய்யர் அட்டனிலிருந்து துண்டுப் பிரசுரங்களை அச்சிட்டபோது, வாசிக்கத் தெரிந்த ஒருவன் வாய்மூலம் அவை லயம் முழுதும் செவியுறும் என்றே நம்பியிருத்தல் வேண்டும். அந்த ஒருவனைக் குடிசனக் கணக்கு ஒருவனாக மட்டுமே எண்ணும்.

யாழ்ப்பாணத்தையும் நுவரெலியாவையும் ஒரே ஏணியின் இரு படிகளாக வைத்து நோக்குதல் தமிழர் நடுவே பெருகிவரும் ஒரு வழக்கு. அதிற் சிறிது பெருமிதமும் கலந்திருப்பதுண்டு. யாழ்ப்பாணத்தின் கல்வி உயர்வு மண்ணிற் பிறந்த குணமன்று. 1823 இல் அமெரிக்க மிசனாரிமார் வட்டுக்கோட்டையிற் செமினரி நிறுவினர். 1848 இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிற் சைவப் பாடசாலை தொடங்கினார். இவ்விரு முயற்சிகளின் போட்டி பல தலைமுறை பாடசாலைகளை வளர்த்தது. சிறு காணியேனும் உடையவர்கள் அதன் வருவாயிற் பிள்ளைகளைக் கற்பித்தனர். காணி போதாமையே அவர்களை உத்தியோகத்தின்பால் உந்தியது. திம்புள்ளைத் தொழிலாளிக்குக் காணியும் இல்லை. அவன் குடியிருந்த அறையே தோட்டத்தின் உடைமை. போட்டியிடச் சங்கங்கள் பல இல்லை. மிசன் பாடசாலைகள் சிலவே நகரங்களில் இருந்தன. ஈராயிரம் அடிக்கு மேலும் கீழும் வளரும் இரு பயிர்களை ஒரே நிறுவையில் இடுவது போன்றது இவ்வொப்பீடு.

ஒப்பீட்டு முறையிலேயே அமைந்த மற்றொரு குறை இன்னும் ஆழமானது. வசிப்போரின் கல்வியை எண்ணும் கணக்கு அவ்விடங் கற்பித்த கல்வியை எண்ணுவதன்று. ஐக்கிய அமெரிக்காவிற் பட்டதாரிகளின் விகிதத்தால் மாநிலங்களை அடுக்குவோர் மசச்சூசெற்சை முதலிலும் மேற்கு வேர்ஜீனியாவைக் கடையிலும் வைப்பர். தலைநகர் வாசிங்டனோ எல்லா மாநிலங்களையும் விஞ்சும். பிற இடங்களிற் கற்றோர் பதவி நாடி அங்கே குவிதலே அதற்குக் காரணம். மலையகத்தில் இது மறுதலையாக நிகழ்கின்றது. சாதாரண தரந் தேறிய இளைஞன் கொழும்புக் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் செல்கின்றான்; ஆசிரியப் பதவியோ பிறிதோ பெற்றவனும் லயத்தை விட்டு நீங்குகின்றான். அவன் கல்வி கொழும்பு மாவட்டத்தின் கணக்கில் ஏற, அவனைக் கற்பித்த தோட்டப் பள்ளியின் கணக்கில் அவன் தாயும் பாட்டியுமே எஞ்சுகின்றனர். 1980களிற் சுவீடன் நாட்டு உதவியாலும், பின்னர் ஜேர்மனிய உதவியோடு பத்தனையில் எழுந்த ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியாலும் விளைந்த நன்மையை, பள்ளி மேம்பட மேம்படப் படித்தோர் வெளியேறும் ஒரு பகுதியில், வசிப்போர் கணக்கு முழுமையாகக் காட்டமாட்டாது.

தேயிலைக்கும் கல்லாமைக்கும் இயல்பான உறவுண்டு என்போர் நீலகிரியை நோக்குதல் நன்று. 2011 இல் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.1 வீதமாயிருக்க, தேயிலை விளையும் நீலகிரி மாவட்டத்தின் எழுத்தறிவு 85.2 வீதமாயிருந்தது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கை மலைகளினின்றும் அனுப்பப்பட்டோர் பலர் குடியேறியதும் அம்மாவட்டத்திலேயே. இவ்வெண்ணும் எச்சரிக்கையோடு கையாளற்பாலது. நீலகிரியின் மக்களுட் பாதிக்கு மேற்பட்டோர் நகரவாசிகள், குன்னூர், வெலிங்டன் முதலிய இடங்களிற் பிற தொழிலினர் மிகுதி. ஆயினும் கொழுந்துக் கூடையைச் சுமத்தல் எழுத்தை விலக்கும் என்னும் கூற்று அதனால் வலியிழக்கின்றது.

இவையெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 1974 முதற் பல்கலைக்கழக அனுமதி மாவட்டக் குடித்தொகையோடு பிணைக்கப்பட்டது. தோட்டத்து மக்கள் குடித்தொகையில் எண்ணப்பட்டனர். அவர்கள் எண்ணிக்கையால் மாவட்டத்துக்கு இடங்கள் கூடின. அவ்விடங்களிற் போட்டியிட உயர்தர வகுப்புள்ள பள்ளிகளோ அவர்தம் பிள்ளைகளுக்கு அன்று இல்லை. பிற்கால விதிகள் நுவரெலியாவைக் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்றாக வகுத்து மேலதிக இடங்களும் வழங்கின. அவ்விடங்களைப் பெறுவோர் தோட்டத்தினரா, நகரத்தினரா, கிராமத்தினரா என்பதை மாவட்டம் என்னுஞ் சொல் கூறாது. விண்ணப்பதாரி கற்ற பள்ளி தோட்டப் பள்ளியாயிருந்தமையையும் அவன் பெற்றோர் தொழிலையும் பதிந்து, குடிசன மதிப்பீட்டிற் பிறந்த இடத்தையும் கல்வியையும் இணைத்து அட்டவணையிட்டால், லிந்துலைத் தோட்டமொன்றிற் பிறந்த நூறு பிள்ளைகளுள் எத்தனைபேர் உயர்தர வகுப்பை எட்டினர் என்பது வெளிப்படும். அவ்வட்டவணை வெளியாகும்வரை நுவரெலியாவின் வரிசையெண்ணைக் காட்டி அத்தோட்டத்துப் பிள்ளைகளைப் பற்றி எவரும் தீர்ப்புக் கூறுதல் இயலாது.