பரமானமில் முறைகளும் சுன்னாகத்துக் கிணறுகளும்

தரவுகளின் பரம்பல் இன்ன வடிவினது என முன்கூட்டிக் கொள்ளாத சோதனைகளைப் புள்ளிவிபரவியலார் பரமானமில் முறைகள் என்பர். இவை எவ்வித எடுகோளும் வேண்டாதவை என்னும் எண்ணம் மாணாக்கரிடையே வேரூன்றியுள்ளது. அஃது எத்துணை பொருந்தும் என்பதை நம் ஊர்க் கிணறுகளைக் கொண்டே ஆராயலாம். சுன்னாகத்து மின்னிலைய எண்ணெயால் நிலத்தடி நீர் மாசுற்ற வழக்கில், 2019ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு விதித்தமை யாவரும் அறிந்ததே. அந்நீர் தூய்மையடைந்ததா என வினவுவோர், ஒவ்வொரு கிணற்றின் முன்னளவையும் பின்னளவையும் இணையாக்கி ஒப்பிடுதல் இயல்பு.

இத்தகைய அளவுகள் பெரும்பாலும் செவ்வன் பரம்பலுக்கு அடங்கா. ஓரிரு கிணறுகளின் மிகை சராசரி முழுவதையும் தன்பால் ஈர்த்துவிடும். இவ்விடரைக் குறைக்க வல்லன இரு சோதனைகள். குறிச் சோதனை ஏற்ற இறக்கங்களை மட்டும் எண்ணும். இலண்டனில் 82 ஆண்டுகள் இடையறாது ஆண் குழந்தைகளின் ஞானஸ்நானம் மிகுந்திருந்தமையை ஆராய்ந்த யோன் ஆபுத்நொட் 1710இல் இதற்கு வித்திட்டார். இரசாயனவியலாளரான பிராங்க் வில்கொக்சன் 1945இல் வெளியிட்ட சோதனையோ, வேற்றுமைகளைப் பருமன்படி வரிசைப்படுத்தி, அவ்வரிசை எண்களைக் குறிவாரியாகக் கூட்டும்.

இவற்றின் பயனை மறுப்பாரிலர். ஆயினும் எல்லைகள் உள. ஐந்து கிணறுகளை மட்டும் சோதித்து, ஐந்திலும் மாசு குறைந்திருப்பினும், ஐந்தும் தற்செயலாய் ஒரே திசையில் மாறும் நிகழ்தகவு 16இல் 1; வழக்கமான 5 சதவீத வரம்புக்குள் அது வாராது. ஆறு கிணறுகளாயின் 32இல் 1 ஆகி உள்ளடங்கும். மேலும், வில்கொக்சன் சோதனை வேற்றுமைகள் சமச்சீராய்ப் பரம்பியிருத்தலை வேண்டும். இரு சோதனைகளும் இணைகள் ஒன்றையொன்று சாராதிருத்தலை வேண்டும். வலிகாமத்திலோ அயற்கிணறுகள் ஒரே சுண்ணாம்புக்கற் படையின் நீரைப் பகிர்வன. அவற்றுள் இருபதை அளத்தல், ஒரு சாட்சியின் கூற்றை இருபது முறை எழுதிக்கொள்வதை ஒக்கும்.

மாற்றம் மெய்யென நிறுவினும், அதன் காரணம் நிறுவப்பட்டதாகாது. இலங்கையின் இறப்பு வீதம் 1946இல் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 20 ஆக இருந்து 1947இல் 14 ஆக வீழ்ந்தது. டி.டி.ரீ. தெளித்து மலேரியாவை அடக்கியமையே காரணம் என்றனர் பலர். மலேரியா மிகாத பகுதிகளிலும் இறப்புக் குறைந்தமையை மீகம சுட்டிக்காட்டினார். போருக்குப் பிந்திய வீழ்ச்சியில் மலேரியா ஒழிப்பின் பங்கு ஏறத்தாழ 23 சதவீதமே என 1974இல் கிறே கணித்தார். முன்னர் நியூமன் கணித்த பங்கு இதனினும் மிகப் பெரிது. மாவட்டந்தோறும் முன்னும் பின்னும் இணைத்துச் சோதித்தல் மட்டும் இப்பிணக்கைத் தீர்த்திராது.

நம் கிணறுகளுக்கும் இஃதே விதி. சித்திரை நீரை மார்கழி நீரோடு ஒப்பிடுவோர், துப்புரவின் பயனை அன்றி மாரி மழையின் பயனையே அளந்தவராவர். ஒரே மாதத்தில், ஒரே முறையால், இடைவெளி விட்டுத் தெரிந்த கிணறுகளை அளத்தல் வேண்டும்; மாசுறாத தொலைக் கிணறுகளையும் உடனளந்து ஒப்புநோக்கல் வேண்டும். இவை செய்யாது, சோதனை தேறிற்று என்பதால் மட்டும் கிணற்று நீரைப் பருகுக எனக் கூறுதல் அறிவியலன்று.