மருதம் வயல் மட்டுமா?

வயலும் வயல் சார்ந்த இடமும் மருதம் என்று மாணவர்க்குக் கற்பித்து வருகிறோம். மனத்தில் எளிதாகப் பதியும் விளக்கந்தான், ஆயினும் குறையுடையது. தொல்காப்பியம் காடு, மலை, மணல் என ஏனை நிலங்களைச் சுட்டுமிடத்து, மருதத்தை இனிய நீரின் உலகமாகவே குறிக்கின்றது.

ஐங்குறுநூற்றில் ஓரம்போகியார் பாடிய மருதப் பகுதியை நோக்குக. வேழப் பத்து, களவன் பத்து, புனலாட்டுப் பத்து, எருமைப் பத்து என்பன அங்குள்ளவற்றுட் சில. நாணலும் நண்டும் நீராடலும் எருமையும் பெயர் பெற்றன. நெல்லின் பெயரால் ஒரு பத்தும் இல்லை. ஆகலின், நீர்நிலையும் அதன் உயிர்களும் அமைந்த இடத்தில் வயலும் ஒன்று என்பதே புலவர் கண்ட மருதம்.

இக்குறையால் விளையும் தீங்கு யாது எனின், குட்டநாட்டைக் காண்க. குட்டம் என்பது ஆழ்ந்த நீர்நிலை. அந்நீரே அந்நாட்டின் வாழ்வு. அங்கே வேம்பநாட்டுக் காயலின் ஓரங்களை வரப்பிட்டு வளைத்து, நீரை இறைத்து வெளியேற்றி, கடல்மட்டத்திற்குக் கீழே வயல் அமைத்தனர். 1940ஆம் ஆண்டுகளின் அரிசிப் பஞ்சத்தில் சித்திரை, மார்த்தாண்டம், இராணி என்னும் காயல் நிலங்கள் இவ்வாறு எழுந்தன. பசிக்கு நெல் வேண்டும். அவ்வுழைப்பைப் பழித்தல் முறையன்று. ஆனால் காயல் குறுகக் குறுக, வெள்ளம் பரந்து நிற்கும் இடமும் குறுகிற்று. 1970ஆம் ஆண்டுகளில் உவர்நீரைத் தடுக்கத் தண்ணீர்முக்கத்தில் அணை எழுந்தபின், மீனும் இறாலும் வந்துபோகும் வழி அடைபட்டது, நீர்க்களை பெருகிற்று. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் மக்கள் திரள் திரளாக வீடு விட்டு வெளியேறினர்.

குட்டநாட்டில் ஏரியை வேண்டுமென்றே வயலாக்கினர். நம் கேமரன் மலையிலோ, வேண்டாமலே ஏரி தூர்கின்றது. திரிங்காப் முதலிய ஊர்களில் சரிவுகளை வெட்டிக் காய்கறி பயிரிடுகின்றனர். இம்மலைச் சரிவுகளில் கரையும் மண், 1963இல் கட்டி முடித்த அணையின் ரிங்லெட் ஏரியில் படிகின்றது. கொள்ளளவு சுருங்கிய அவ்வேரியிலிருந்து 2013 அக்டோபரில் திறந்துவிட்ட நீர் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்களைக் கொண்டது. வழி வேறாயினும் பிழை ஒன்றே: விளைநிலத்தைக் கண்டனர், நீரைக் காணவில்லை.

ஆசிரியர்கள் இனி, நீரும் நீரால் விளையும் வயலும் மருதம் என்று சொல்லிக்கொடுப்பாராக. ஒரு சொல் முன்னே வருவதால் தேர்வில் மதிப்பெண் குறையாது. மாணவன் ஏரியைப் பார்க்கும் பார்வை மாறும்.